டிஸ்க்கின் உண்மை வேகம் என்ன? பரீட்சை வைக்கிறது 'பியோ'!

கம்ப்யூட்டருக்கு டிஸ்க் வாங்குகிறீர்கள். "வினாடிக்கு இத்தனை மெகாபைட் வேகம்" என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டு இருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்து பார்த்தால், அந்த வேகம் வருவது இல்லை!

பெட்டியில் இருப்பது பொய்யா? பொய் அல்ல. ஆனால், அது ஒரே ஒரு வகை எழுத்துக்கு உரிய வேகம்.

இரண்டு கணக்குப்பிள்ளைகள்

ஒரு கணக்குப்பிள்ளை, நோட்டின் முதல் பக்கத்தில் இருந்து வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். வேலை மளமளவென்று முடிகிறது.

இன்னொருவர் ஒரு வரியை 5-ம் பக்கத்திலும், அடுத்த வரியை 300-ம் பக்கத்திலும் எழுத வேண்டும். பக்கத்தைப் புரட்டுவதிலேயே பொழுது போய்விடும்.

டிஸ்க்கும் அப்படித்தான். சினிமாப் படத்தைப் பதிவு செய்வது முதல் வகை. பாங்கிக் கணக்கு இரண்டாவது வகை.

சுழலும் டிஸ்க் ஒன்று நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதாவது, வினாடிக்கு 120 சுற்று. வரிசையாக எழுதினால் வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் எழுதும்.

அதே டிஸ்க்கில், 4 கிலோபைட் கொண்ட சிறு துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒவ்வொன்றையும் உடனுக்குடன் பதியச் சொன்னால், வினாடிக்கு சுமார் 100 துண்டுகள்தான் எழுத முடியும். கூட்டிப் பார்த்தால், அரை மெகாபைட் கூட இல்லை!

டென்மார்க் நிபுணர்

இந்த வித்தியாசத்தை அளக்க ஒரு புரோகிராம் இருக்கிறது. அதன் பெயர் 'பியோ'. எழுதியவர் ஜென்ஸ் ஆக்ஸ்போ. டென்மார்க் நாட்டைச் சேர்ந்தவர். 'லினக்ஸ்' வளர்ச்சியில் பெரும் பங்கு கொண்டவர்.

ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் தனித்தனி புரோகிராம் எழுதுவது அவருக்குத் தொல்லையாக இருந்தது. எந்த வகை எழுத்து வேண்டும் என்று சொன்னால், அப்படியே எழுதிக் காட்டும் ஒரே புரோகிராமை உருவாக்கினார். இதை யாரும் இலவசமாகப் பெறலாம்.

என்ன சொல்ல வேண்டும்?

ஒரு சிறு பைலில் சில வரிகள் எழுதினால் போதும்.

வரிசையாக எழுதுவதா, சிதறலாக எழுதுவதா?

ஒரு துண்டு எவ்வளவு பெரியது? 4 கிலோபைட்டா, 1 மெகாபைட்டா? நூற்றுக்கு 60 சிறிய துண்டு, 40 பெரிய துண்டு என்று கலந்தும் சொல்லலாம்.

படிப்பது 70 பங்கு, எழுதுவது 30 பங்கு என்றும் பிரிக்கலாம்.

ஒவ்வொரு துண்டையும் எழுதியவுடன், "பதிந்துவிட்டதா?" என்று உறுதி கேட்க வேண்டுமா? எத்தனை நிமிடம் சோதிக்க வேண்டும்?

இத்தனையும் சொல்லிவிட்டால், பியோ வேலையைத் தொடங்கிவிடும். வேகத்தை மட்டும் அல்ல. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதையும் கணக்கிட்டுத் தரும்.

ஏமாற்றும் வேகம்

சோதனையில் ஏமாந்து போகவும் இடம் உண்டு.

கம்ப்யூட்டர், எழுத வேண்டியதை முதலில் தன் மெமரியில் வைத்துக்கொண்டு, "எழுதி ஆயிற்று" என்று சொல்லிவிடும். அப்போது தெரிவது மெமரியின் வேகம்! மெமரியைத் தொடாமல் நேராக டிஸ்க்கில் எழுதும்படி, பியோவிடம் சொல்லிவிட வேண்டும்.

சுழலாத 'எஸ்.எஸ்.டி.' டிஸ்க்குகள் பலவற்றில், வேகமாக எழுத ஒரு சிறு பகுதி உண்டு. அது நிரம்பியதும் வேகம் குறைந்துவிடும். அரை நிமிடச் சோதனையில் இது தெரியாது. நீண்ட நேரம் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை!

எழுதும் சோதனைக்கு ஒரு தனி பைலைத்தான் குறிப்பிட வேண்டும்.

அவசரத்தில் முழு டிஸ்க்கின் பெயரையே எழுதிவிட்டால், அதில் உள்ளவற்றின் மேலேயே பியோ எழுதிவிடும். கல்யாணப் போட்டோ, பிள்ளையின் பாடம், கடைக் கணக்கு எல்லாம் அழிந்து போகும். திரும்பக் கிடைப்பது அரிது.

எஸ்.எஸ்.டி.க்கு ஆயுள் உண்டு. இத்தனை எழுத்துதான் தாங்கும் என்ற அளவு உண்டு. ஆகவே, தினமும் சோதித்துப் பார்ப்பதும் கூடாது.

எழுதும் சோதனைக்கு காலி டிஸ்க்கே நல்லது. அது இல்லாவிட்டால், உள்ளதை எல்லாம் முதலில் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். அதன் பிறகு பரீட்சை வையுங்கள்!