அம்மை போட்ட வீட்டில் ஆலிஸ்

பிள்ளைக்கு அம்மை போட்டால், கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கூடம் கிடையாது. "போரடிக்குதும்மா" என்று சிணுங்குவான், சொறிவான். சொறிந்தால் தழும்பு நிற்குமே! கதையில் லயித்தால் கை சும்மா இருக்கும்.

ஆலிஸின் அற்புத உலகக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 1862-ல் படகில் போகையில் லூயி கரோல் என்ற கணித ஆசிரியர் மூன்று சிறுமிகளுக்கு வாயால் சொன்னது, 1865-ல்தான் புத்தகமாயிற்று. பன்னிரண்டு அத்தியாயங்கள். தினம் ஒன்று போதும்.

ராஜபாளையத்துப் பிள்ளைக்கு வெள்ளை முயல்தான் வேண்டுமா, என்ன? பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் மரத்துக்கு மரம் தாவும் சாம்பல் நிற அணிலின் பின்னால் ஆலிஸ் ஓடட்டுமே! (1988-ல் அந்த அணிலுக்கென்றே சரணாலயம் அமைந்த காடாயிற்றே.)

"இதிலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அணில் எந்தக் கிளைக்குத் தாவிற்று என்று அவனே சொல்ல ஆரம்பித்தால், அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே 'ம்' கொட்டுங்கள்.