உணர்வுத் துணை விலங்குச் சான்றுக் கடிதம்

உணர்வுத் துணை விலங்குச் சான்றுக் கடிதம் என்பது ஐக்கிய அமெரிக்காவில், உளநலக் குறைபாடுடைய ஒருவருக்கு அவரது விலங்கு தேவையானது என உரிமம் பெற்ற உளவள ஆலோசகர் போன்றோர் எழுதித் தரும் கடிதம் ஆகும். செல்லப்பிராணிகளுக்கு இடமளிக்காத வாடகை வீட்டிலும் இத்தகைய விலங்கை வைத்துக்கொள்ள, 1988இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம் பொதுவாக வழிசெய்கிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் போல இவற்றுக்குத் தனிப்பயிற்சி தேவையில்லை. ஆகவே கடிதமே முதன்மைச் சான்றாகிறது.

கடிதம் கேட்கப்படும்போது ஆலோசகரின் நிலை எளிதன்று. சிகிச்சையளிப்பவர் தம்மை நாடி வருபவரின் சொல்லை நம்பி அவர் பக்கம் நிற்பவர். சான்றளிப்பவரோ நடுநிலையில் ஐயுற்று ஆராய வேண்டியவர். மறுத்தால் நம்பிக்கை குலையலாம். ஆராயாது எழுதினால் உரிமத்துக்கே இடர் நேரலாம். எனவே சிலர் தமது நடைமுறையை முதல் அமர்விலேயே கூறிவிடுகின்றனர். எழுத முற்படுவோர், குறைபாடு அன்றாட வாழ்வை எந்த அளவுக்கு முடக்குகிறது, விலங்கு அருகிருப்பதால் எந்த அறிகுறி தணிகிறது என்பவற்றை மதிப்பிடுவர். விலங்கின் மீது அன்பு உண்டு என்பது மட்டும் போதாது. விலங்கின் நலனும் கருதத்தக்கது; நாள் முழுதும் சிற்றறையில் அடைபடும் நாயை இதில் மறந்துவிடுவது எளிது.

இணையவழியே கட்டணம் பெற்று உடனடியாகக் கடிதம் தரும் நிறுவனங்கள் பெருகிய நிலையில், கலிபோர்னியா மாநிலம் 2022 சனவரி முதல், துணை நாய்க்குக் கடிதம் எழுதுமுன் பொதுவாகக் குறைந்தது 30 நாள் தொழில்முறை உறவு வேண்டும் என விதித்தது. வானூர்திப் பயணத்தில் 2021 சனவரி முதல் இக்கடிதத்தை ஏற்கும் கட்டாயம் நிறுவனங்களுக்கு இல்லை.