முதலில் மருத்துவர், பிறகு சபதம்

நாகூரைத் தாண்டி வடக்கே வந்தால் வாஞ்சூர். தமிழ்நாட்டின் எல்லை முடிந்து புதுச்சேரியின் காரைக்கால் பகுதி தொடங்கும் அந்த இடத்திலேயே மதுக்கடைகளும் தொடங்கிவிடுகின்றன. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டரே உள்ள காரைக்காலில் மதுவின் விலை சுற்றியுள்ள மாவட்டங்களைவிடக் குறைவு. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சாராயமும் கள்ளும் இங்கே ஏலம் எடுத்த கடைகளில் சட்டப்படி விற்கின்றன. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், சிறப்பு வரி விதித்து விலையைத் தமிழ்நாட்டுக்கு இணையாக உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டே அந்த வரி விலகியது. கணவனோ அண்ணனோ தகப்பனோ குடித்துக் குடித்து உடம்பு கெடுவதைப் பார்த்துத் தூக்கம் தொலைத்த குடும்பங்கள், கடையை மூடுங்கள் என்று கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் கடை மூடும்வரை கல்லீரல் காத்திருக்காது. வீட்டில் இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலான வீடுகளில் தலைகீழான வரிசையில் செய்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

நம் வழக்கம் இது: முதலில் குடிப்பவர் குடியை விட வேண்டும். அதற்காகக் கோயிலில் வேண்டுதல், கையில் கயிறு, பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம். அவர் திருந்திய பிறகுதான் மருத்துவரிடம் போவது. குடித்துக்கொண்டிருக்கிறவரை அழைத்துப்போனால் மானம் போகும். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோவொரு உதவி பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் எல்லோரும் சபதத்தோடு நின்றவர்கள் அல்லது அதுவும் இல்லாதவர்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். குடித்துக்கொண்டிருக்கும்போதே மருத்துவரைப் பார்ப்பது முதல் படி. நிறுத்துவது அதற்குப் பிறகு, மருத்துவருடைய மேற்பார்வையில்.

இதற்கு வலுவான காரணம் உடம்பிலேயே இருக்கிறது. 180 மில்லி குவாட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. ஒரே தடவையில் இவ்வளவு குடிப்பதையே உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்கிறது. தினமும் இதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்த மூளை, மது இருப்பதையே இயல்பாகக் கொண்டு இயங்கப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து சிலருக்கு நினைவு பிறழ்ந்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்; உரிய சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் மூடப்பட்டபோது கேரளத்தில் குடிநோயாளிகள் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். மருத்துவர் சீட்டின் பேரில் மது தரலாம் என்று அரசு ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மது தருவது சரியா தவறா என்பது வேறு விவாதம். அரசே அப்படி ஒரு ஆணை போடும் அளவுக்கு, திடீர் நிறுத்தம் ஆபத்தானது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டிவைப்பது சிகிச்சை ஆகாது. மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தோடு, தயமின் என்ற வைட்டமினையும் தருவார்கள். சோறு குறைந்து குடி மிகுந்த உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதைத் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம்.

“ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டதே” என்று சொல்வோரும் உண்டு. கல்லீரல் சுருங்கி இறுகிய பிறகும் சில அளவுகள் இயல்பாகவே காட்டலாம். அதனால் ஸ்கேனும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் தேவை. கொழுப்பு படிந்த நிலையில் இருக்கும் கல்லீரல், குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். இறுகிய கல்லீரல் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது அரிது. அப்போதும் நிறுத்துவது ஆயுளைக் கூட்டும். கண் மஞ்சளாவது, கால் வீங்குவது, வயிறு உப்புவது, பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழம்பிப் பேசுவது ஆகியவற்றைப் பார்த்தால் நல்ல நாள் பார்க்கக் கூடாது. ரத்த வாந்தி எடுத்தால் அந்த நிமிடமே ஆம்புலன்ஸ்.

தவிப்பில் சில வீடுகளில் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கும் மருந்து’ விளம்பரத்தை நம்பிச் சோற்றில் கலந்துவிடுகிறார்கள். அதில் இருக்கக்கூடிய டைசல்பிரம் என்ற மருந்து, மது உடம்பில் சிதையும் வழியை இடையிலேயே அடைத்துவிடுகிறது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு அது கடைசிக் குடியாகலாம். அந்த மருந்தே கல்லீரலைத் தாக்குவதும் உண்டு. குடிப்பவரே அறிந்து, ஒப்பி, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது.

“அவராக மனம் வைக்காமல் யாரும் எதுவும் செய்ய முடியாது” என்பது மிகப் பரவலான மறுப்பு. இதில் பாதிதான் உண்மை. அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் குடும்பத்தார் 130 பேரை எடுத்துக்கொண்டது. திட்டாமல் பேசுவது, குடிக்காத பொழுதுகளைப் பாராட்டுவது, குடியால் வரும் விளைவுகளை மூடி மறைக்காமல் விடுவது, சரியான தருணத்தில் சிகிச்சையை எடுத்துச் சொல்வது ஆகியவற்றில் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர் குடிநோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடி நேருக்கு நேர் கேட்கும் முறையில் அது 30 விழுக்காடுதான். ஆக, அந்த மனத்தை உருவாக்குவதில் வீட்டுக்குப் பங்கு உண்டு. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய குடிநோய்ச் சிகிச்சை மையமான டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது இதனால்தான். கையெழுத்துப் போட முடியாமல் கை நடுங்கும் காலை, வேலைக்குப் போக முடியாத நாள், குடிக்காமல் இருக்கும் ஒரு முற்பகல் போன்ற நேரங்களில் “டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாங்க, நானும் வர்றேன்” என்று சொல்லிப் பார்க்கலாம். போதையில் இருக்கும் இரவில் சொல்வது வீண்.

குடியை நோய் என்று சொன்னால் குடிப்பவர் செய்த கொடுமைக்கெல்லாம் மன்னிப்பு கிடைத்துவிடாதா என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. கிடைக்காது. நோய் என்பது சிகிச்சைக்கான காரணம். அடி உதைக்கான சலுகை அல்ல. கை ஓங்குகிற வீட்டில் மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்புதான் முதலில், அவருடைய சிகிச்சை அதற்குப் பிறகு. பொறுமை என்ற பெயரில் யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

குடும்பத்தை மட்டும் பொறுப்பாக்கிவிட்டு அரசு ஒதுங்கவும் முடியாது. மது விற்பனையில் வருவாய் ஈட்டும் புதுச்சேரி அரசு, திருநள்ளாறு முதல் திருமலைராயன்பட்டினம் வரை ஒவ்வொரு கொம்யூனிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குடிப்பழக்கத்தைக் கேட்டறிந்து, கல்லீரலைப் பரிசோதித்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாட்டை உறுதிசெய்ய வேண்டும். விலையைத் தமிழ்நாட்டோடு சமன் செய்ய முடியும் என்பதை 2020-இல் அரசே செய்து காட்டியது. அதை நிலையாக்கக் கேட்பது நம் உரிமை. அதுவரை காத்திருக்காமல், போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண்களைக் குடும்பத்தாரே அழைக்கலாம். குடிப்பவர் சம்மதித்தால்தான் என்றில்லை. அடுத்த சபதத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் மருத்துவருக்கு நாள் குறியுங்கள். சபதம் காப்பாற்றப்பட வேண்டுமானால் அதை எடுக்கும் உடம்பு முதலில் காப்பாற்றப்பட வேண்டும்.