குட்டி போடும் வட்டி

"வட்டி குட்டி போடும்" என்று எமது ஊர்களிலே சொல்லுவார்கள். பெரும்பாலும் கடன்பட்டவரைப் பார்த்துத்தான் இது சொல்லப்படுகின்றது. ஆனால் அதே குட்டி சேமித்தவர் வீட்டிலும் பிறக்கும். இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு வந்து, வேறொரு மண்ணிலே மீண்டும் கையூன்றி எழும்பும் ஒரு கமக்காரக் குடும்பத்துக்கு இந்தக் குட்டி யாருடைய பட்டியிலே பிறக்கின்றது என்பது சிறிய விடயமன்று.

கணக்கைப் புத்தகத்தில் தேடவேண்டியதில்லை. விதைநெல்லை நினைத்துப் பாருங்கள். விளைந்த நெல்லில், விதைத்த அளவை மாத்திரம் அடுத்த காலபோகத்துக்கு எடுத்துவைத்து மிகுதியை உண்டும் விற்றும் முடிப்பவர், ஒவ்வொரு ஆண்டும் அதே அளவு நிலத்தையே விதைப்பார். மிகுதியிலும் ஒரு பங்கை விதையாக்கினால் அடுத்த ஆண்டு விதைப்பு பெருகும். முன்னையது எளிய வட்டி. பின்னையது கூட்டுவட்டி, அதாவது வட்டியும் முதற்பணத்தோடு சேர்ந்து தானும் வட்டி ஈட்டுவது. வயலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வயலுக்கு வரம்பு உண்டு, மழையும் பிழைக்கும். வட்டிக்கு வரம்புமில்லை, வறட்சியுமில்லை.

10,000 ரூபாவை ஆண்டுக்கு 8 வீத வட்டிக்கு வங்கியில் வைப்பதாகக் கொள்வோம். (8 வீதம் என்பது கணக்குக்காக நாம் எடுத்தது. வங்கிகளின் வட்டி வீதம் அடிக்கடி மாறும். வைப்பிலிடும் அன்று கேட்டு அறிந்துகொள்ளவும்.) வட்டியை எடுக்காமல் விட்டால் 9 ஆண்டில் அது ஏறக்குறைய 20,000 ஆகும். 18 ஆண்டில் 40,000. 27 ஆண்டில் 80,000. 36 ஆண்டில் ஒரு இலட்சத்து 60,000 வரை போகும். முதல் ஒன்பது ஆண்டில் கூடியது பத்தாயிரம். கடைசி ஒன்பது ஆண்டில் கூடியது எண்பதாயிரம். தொடக்கத்திலே எறும்புபோல ஊர்வதால்தான் பலர் இடையிலே பொறுமையிழந்து பணத்தை எடுத்துவிடுகின்றார்கள்.

இனி மறுபக்கம். அதே 10,000 ரூபாவை, எம்மிடையே வழக்கிலுள்ள "நூற்றுக்கு ஐந்து" மாத வட்டிக்குக் கடனாக வாங்கி, வட்டியையும் கட்டமுடியாமல் அது முதற்பணத்தோடு சேர்க்கப்பட்டு வந்தால், ஓராண்டில் கடன் 17,958 ரூபா. இரண்டாண்டில் 32,251. மூன்றாண்டில் 57,918. வங்கியில் வைத்த பணம் இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துச் செய்ததை ஒத்த வேலையை, கடன் மூன்றாண்டுக்குள் செய்து முடிக்கின்றது. மாதந்தோறும் 500 ரூபா வட்டியை மட்டும் தவறாமல் கட்டிவருபவரின் நிலையும் அதிகம் சிறந்ததல்ல. இரண்டாண்டில் அவர் 12,000 ரூபா கட்டியிருப்பார். கடன் பத்தாயிரமாகவே இருக்கும்.

இதைப் பென்சிலும் கடதாசியும் இல்லாமலே மதிப்பிட ஒரு வழி உண்டு. 72 என்ற எண்ணை வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எடுக்கும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். ஆண்டுக்கு 8 வீதமென்றால் 9 ஆண்டு. மாதத்துக்கு 5 வீதமென்றால் 14 மாதத்துக்குச் சற்று மேல். லூக்கா பச்சியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலிலேயே இந்த விதி காணப்படுகின்றது. ஐந்நூறு ஆண்டாக வியாபாரிகள் அறிந்த கணக்கு இது. கமக்காரரும் அறிந்திருப்பது நல்லது.

"எங்களுக்குக் கடன் தந்த நிறுவனம் கூட்டுவட்டி எடுப்பதில்லையே" என்று சிலர் கேட்பார்கள். குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுப்போர் பலர், தொடக்கத்திலேயே வட்டியைக் கணக்கிட்டுத் தவணையாகப் பிரித்துவிடுகின்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் இங்கே இரண்டு இடங்களில் நாம் கண்திறந்து பார்க்கவேண்டும்.

ஒன்று, சொல்லப்படும் வீதம். 50,000 ரூபா கடனுக்கு "24 வீதம்" என்று 12,000 ரூபாவைக் கூட்டி, 62,000 ரூபாவை 12 மாதத் தவணையாகக் கட்டச் சொல்கின்றார்கள் என வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில்தான் 50,000 ரூபாவும் உங்கள் கையில் இருக்கும். ஆறாம் மாதத்தில் அதிற் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆயினும் வட்டி முழுத்தொகைக்கும் போடப்பட்டுவிட்டது. மீதியாக உள்ள கடனுக்கு மாத்திரம் வட்டி கணக்கிட்டால், இந்த 24 வீதம் உண்மையில் ஏறக்குறைய 42 வீதமாகும்.

மற்றது, கடனை அடைக்கக் கடன் வாங்குவது. நாம் குடும்பங்களோடு கூடியிருந்து கணக்குப் பார்க்கும்போது மிகுதியாகக் காண்பது இதைத்தான். மேற்சொன்ன கடனில் ஆறு தவணை கட்டியபின் வெள்ளத்தாலோ நோயினாலோ முடியாமற் போய்விடுகின்றது. மிகுதி 31,000 ரூபாவையும் கட்டினால்தான் கணக்கை மூடலாம் என்கின்றார்கள். வேறொரு நிறுவனத்தில் அதே 24 வீதத்துக்கு 31,000 ரூபா எடுத்து அடைக்கின்றோம். இந்த 31,000 ரூபாவில் 6,000 பழைய கடனின் வட்டி. அது புதிய கடனில் முதற்பணமாக மாறிவிட்டது. இப்போது அந்த வட்டிக்கும் 1,440 ரூபா வட்டி! எந்த நிறுவனமும் கூட்டுவட்டி எடுக்கவில்லை. ஆனால் கூட்டுவட்டி நடந்துவிட்டது, எமது கையெழுத்தினாலேயே. மூன்றாவது, நான்காவது கடன் என்று போகும்போது கட்டுவதில் எவ்வளவு அரிசிக்காசு, எவ்வளவு வட்டியின் வட்டி என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. அடைவு வைத்த நகையை மீட்காமல், பொன் விலை ஏறியதைக் காட்டி, பழைய வட்டியையும் கழித்துக்கொண்டு கூடிய தொகைக்குத் திருப்பி வைப்பதும் இதே கதைதான்.

2016ஆம் ஆண்டில் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. இதனால் ஆறுதலடைந்தவர்கள் உண்டு. ஆனால் தள்ளுபடியை எதிர்பார்த்துக் கடன் எடுப்பதை நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். ரோம மன்னன் ஜஸ்தினியன் ஆறாம் நூற்றாண்டில் வட்டிக்கு வட்டி எடுப்பதையே தடைசெய்தான். நிலுவை வட்டி முதற்பணத்தின் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி ஒல்லாந்தர் இங்கு கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டத்தில் உள்ளது. மனுநூலிலும் இதை ஒத்த விதி இருக்கின்றது. இதை நம்பி நீங்களாகவே தவணையை நிறுத்திவிட வேண்டாம். எல்லாக் கடனுக்கும் ஒரே சட்டமல்ல. வட்டி முதலைத் தாண்டி நெருக்குகின்றார்கள் என்றால் கடன் பத்திரத்தையும் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

ஆகவே ஒரு குடும்பம் எங்கே தொடங்குவது? எமது கருத்தில், மாதம் ஐந்து வட்டிக் கடன் ஒன்று வீட்டில் இருக்கும்வரை 8 வீதத்துக்கு வங்கியில் பணம் சேர்ப்பது வீண்வேலை. கைக்கு வரும் பத்தாயிரம் வங்கியிலே ஆண்டுக்கு 800 ரூபா தரும். அதே பத்தாயிரத்தைக் கொண்டு கடனைத் தீர்த்தால் 6,000 ரூபா மிஞ்சும். வட்டி கூடிய கடனை முதலில் அடைக்கவேண்டும், தொகை பெரிய கடனையல்ல. ஒன்றே ஒன்றுக்கு மாத்திரம் விலக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் போதுமான ஒரு சிறுதொகை கையில் இருக்கட்டும். அது இல்லாததாலேயே அடைத்த கடன் திரும்பவும் வாசலுக்கு வருகின்றது.

கடன் தீர்ந்தபின் தவணையாகக் கட்டிய அதே காசை நிறுத்தாமல் உங்கள் கணக்குக்கே கட்டிவாருங்கள். பழகிய கைக்கு அது பாரமாயிராது. மாதம் 500 ரூபா, 8 வீதம் மாதந்தோறும் சேர்ந்து வந்தால், 10 ஆண்டில் 91,000 ரூபாவைத் தாண்டும். நீங்கள் போட்டது 60,000. இருபது ஆண்டில் போட்டது ஒரு இலட்சத்து 20,000. கிடைப்பது இரண்டு இலட்சத்து 94,000 வரை. தேசிய சேமிப்பு வங்கியானாலும், ஊரிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமானாலும் நல்லதே. நிலையான வைப்பு எடுப்பவர்கள் படிவத்தில் ஒன்றைக் கவனிக்கவும்: தவணை முடிய வட்டியைக் கையில் எடுக்கப்போகின்றீர்களா, முதலோடு சேர்த்துப் புதுப்பிக்கப்போகின்றீர்களா என்ற கேள்வி அங்கே இருக்கும். குட்டி நிற்பதும் போவதும் அந்த ஒரு கோட்டிலே இருக்கின்றது. சீட்டுப் பிடிப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சீட்டு, காசைச் சேர்த்து எடுக்க உதவும், கழிவுக்கு முன்கூட்டி எடுப்பவர் அந்தக் கழிவை வட்டியாகவே கொடுக்கின்றார்.

விலைவாசியும் குட்டி போடும் என்பதை 2022ஆம் ஆண்டு எமக்குக் கொடூரமாகக் காட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்குள் 69.8 வீதம் உயர்ந்திருந்தது. 10 வீத வட்டிக்கு ஒரு இலட்சத்தை வைத்திருந்தவர் கையில் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. ஆனால் அதைக் கொண்டு, முந்திய ஆண்டில் 65,000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களையே வாங்க முடிந்தது. எனவே எல்லாவற்றையும் காசாகவே வைத்திருப்பது சரியென்று நாம் சொல்லமாட்டோம். நல்ல கறவைப்பசு, இறைப்பு இயந்திரம், கிணறு, கொஞ்சம் நகை, இவையும் சேமிப்பே. ஆனால் கிணற்றையும் தென்னையையும் தூக்கிக்கொண்டு ஓடமுடியாது. பசுக்களை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலே பலர். ஓட நேர்ந்தால் கூடவரக்கூடியது ஒன்றும் வேண்டும்.

வங்கியை விட இரண்டு மூன்று மடங்கு வட்டி தருவதாகச் சொல்லி வருபவர்களை விலக்குங்கள். கடனட்டை நிறுவனம் என்ற பெயரில் மக்களிடம் வைப்புப் பெற்ற கோல்டன் கீ 2008ஆம் ஆண்டின் இறுதியில் சரிந்தது. வைப்புப் பெற மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்கு மாத்திரமே காப்புறுதி உண்டு. 2021ஆம் ஆண்டில் அத்தொகை ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவரை என உயர்த்தப்பட்டது.

இன்னுமொன்று. இடம்பெயர்வில் சேமிப்புப் புத்தகம் தொலைந்ததால் கணக்கும் போய்விட்டதென்று விட்டுவிட்டவர்கள் உளர். புத்தகம் தொலைந்தால் கணக்குத் தொலைவதில்லை. அடையாள அட்டையோடு அவ்வங்கியின் அண்மைக் கிளைக்குச் சென்று, எந்த ஊர்க் கிளை, எந்த ஆண்டளவில் தொடங்கியது என்று சொல்லித் தேடச் சொல்லுங்கள். இருக்கும் கணக்குகளில், உமக்குப் பின் பணம் யாருக்குச் சேரவேண்டும் என்ற நியமனத்தை எழுதிக் கொடுங்கள். கணக்கு இலக்கத்தையும் கிளையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.