கட்டணமில்லாத் தொலைபேசி இலக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, தூரம் கூடக் கூடத் தொலைபேசிக் கட்டணமும் கூடிய காலம் ஒன்றிருந்தது. சிக்காகோ நகரக் கடையொன்றில் ஒரு பொருளின் விலையை விசாரிக்க விரும்பிய தெக்சாஸ் வாசி, வெறும் விசாரணைக்கே பணம் கொடுத்தார். அழைக்கப்படுபவர் செலவை ஏற்கும் முறையும் இருந்ததுதான். ஆயின் ஒவ்வொரு முறையும் தொலைபேசி நிலையத்து ஊழியர் இடையிலே வந்து, அவருடைய சம்மதத்தைக் கேட்டுப் பெறவேண்டும். 1967ஆம் ஆண்டில் ஏ.ரி. அன்ட் ரி. கம்பெனி 800 என்று தொடங்கும் இலக்கங்களை வழங்கியபோது இத்தொல்லை நீங்கிற்று. இலக்கத்தைச் சுழற்றியதும் இணைப்புக் கிடைக்கும். கட்டணம் வர்த்தகரின் கணக்கைச் சேரும்.

வாடிக்கையாளர் அழைத்தாலும், வழிதவறி வேறொருவர் அழைத்தாலும், கட்டுபவர் வர்த்தகரே. இலக்கத்தைத் தெரிவு செய்வதிற் கவனம் வேண்டியது இதனாலேதான்.

தொலைபேசியில் இலக்கங்களோடு ஆங்கில எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பர். முன்னாளிலே தொலைபேசி நிலையத்தின் பெயரிலுள்ள முதலிரண்டு எழுத்துகளைச் சுழற்றும் வழக்கம் அங்கு இருந்தது. நியூயோர்க்கின் பென்சில்வேனியா விடுதியின் இலக்கம் 'பென்சில்வேனியா 6-5000' என்றே வழங்கியது; 1940இல் கிளென் மில்லரின் இசைக்குழு அதனை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டது! அவ்வழக்கம் மறைந்தபின்னும் எழுத்துகள் எஞ்சின. அவற்றைக்கொண்டு ஏழிலக்கத்தை ஒரு சொல்லாக்கலாம் என்பதை வர்த்தகர் கண்டுகொண்டனர். 'பிளவர்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை அழுத்தினால் 356-9377 ஆகும். பூ விற்பவருக்கு இதனினும் வாய்ப்பான இலக்கம் ஏது? ஜிம் மக்கான் என்னும் பூ வணிகர் 1980களில் இவ்விலக்கத்தை வாங்கித் தம் வணிகத்துக்கே அதனைப் பெயராக்கினார்.

ஆனால் சொல்லிலும் பொறி உண்டு. 1990களில் ஏ.ரி. அன்ட் ரி. கம்பெனி, 'ஒப்பரேற்றர்' என்ற சொல்லையே ஒரு சேவைக்கு இலக்கமாக்கி விளம்பரம் செய்தது. அச்சொல் 'ஓ, ஆர்' என முடியவேண்டும். பலரோ 'ஈ, ஆர்' என்று பிழையாக எழுதினர். பிழையான எழுத்துக்குரிய இலக்கத்தை எம்.சி.ஐ. என்னும் போட்டிக் கம்பெனி பெற்றுக்கொண்டது. ஒருவர் செய்த விளம்பரத்தின் பயனில் ஒரு பங்கு மற்றவரைச் சேர்ந்தது.

ஹொலிடே இன் விடுதிகளின் கதையும் இதைப் போன்றதே. 'ஹொலிடே' என்பதற்கு 465-4329 அழுத்தவேண்டும். 'ஓ' என்னும் எழுத்து 6இல் உள்ளது. அதனைப் பூச்சியமென எண்ணியவர்கள் 405-4329 அழுத்தினர். அவ்விலக்கத்தைப் பெற்று, தவறி வந்தோருக்கு விடுதி அறைகளை ஒழுங்கு செய்தவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கே சார்பாகத் தீர்த்தது. மயக்கத்தை அவர் உண்டாக்கவில்லை. முன்பே இருந்த மயக்கத்தினாற் பயன் பெற்றார் என்பது நியாயம்.

ஆகவே ஒரு சொல்லைத் தெரியுமுன், அதனை எத்தனை விதமாகப் பிழைபட எழுதலாம் என்று பார்த்தல் நன்று. வானொலி விளம்பரத்துக்குச் சொல் மிகப் பொருத்தம். காதில் விழுந்தது மனத்தில் நிற்கும். அச்சிலே சொல்லின் கீழ் இலக்கத்தையும் இடுதல் உபகாரம். எழுத்தைத் தேடி அழுத்துவது எல்லோருக்கும் இலகுவன்று.

800 இலக்கங்கள் போதாமையால் 1996இல் 888 சேர்க்கப்பட்டது. பின்னர் 877, 866, 855, 844, 833 என்பனவும் வந்தன. பின்வரும் ஏழிலக்கம் ஒன்றாயினும், முன்னிலக்கம் மாறினால் உரியவர் வேறு. 888இல் நல்ல சொல்லைப் பெற்றவரின் வாடிக்கையாளர், பழக்கத்தினால் 800ஐ அழுத்தி வேறொரு கடைக்குச் செல்வர். முன்னர் பிறர் பாவித்துக் கைவிட்ட இலக்கமாயின், அவரைத் தேடுவோரின் அழைப்புக்கும் புதியவர் பணம் கட்ட நேரும்.

இலக்கம் வர்த்தகரின் சொத்தன்று. பாவிக்கும் உரிமையே அவருக்கு உண்டு. பதுக்கி வைத்தலையும் விலைக்கு விற்றலையும் 1997இல் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு தடைசெய்தது. 2019 டிசம்பரில் 833 இலக்கங்கள் சில ஏலமிடப்பட்டன. ஏலத்திற் பெற்றவற்றுக்கு மட்டும் விற்பனை அனுமதிக்கப்பட்டது. 1993 மே மாதம் முதல், சேவை தரும் கம்பெனியை மாற்றினாலும் இலக்கத்தை உடன்கொண்டு செல்லலாம். இதற்குப் பதிவு தம் பெயரில் இருத்தல் வேண்டும். விளம்பர முகவரின் பெயரிற் பதிவாகியிருப்பின், முகவரோடு பிணக்கு ஏற்படும் நாளிலே, கடைப்பலகையில் எழுதிய இலக்கமும் கைநழுவிப் போகக்கூடும்.