உங்களுக்குத் தெரியுமா?

மலேசியாவில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (ஐபியு) ஒரு காலத்தில் அரசாங்க ரகசியம்! சுற்றுப்பயணிகள் மிரண்டுவிடுவார்களாம், 1999இல் எண்களை வெளியிடுவதை நிறுத்தினார்கள். மக்கள் மூச்சுத் திணறியதெல்லாம் கணக்கில் வரவில்லை.

● 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளான், கோல சிலாங்கூரில் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை பிறந்தது. ரகசியமும் அப்போதுதான் உடைந்தது.

● இன்று தஞ்சோங் மாலிம் காற்றின் எண்ணைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். 100ஐத் தாண்டினால் பள்ளித் திடலில் விளையாட்டு இல்லை. 200ஐத் தாண்டினால் பள்ளியே இல்லை.

● சுமத்ராவின் கரிமண் காடுகள் எரிந்து வரும் புகையில் முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் உண்டு. துணி முகக்கவரி போதாது. என்95 வேண்டும், அதுவும் இடைவெளியின்றி முகத்தோடு ஒட்டி.

● புகைமூட்டத்தன்று வீட்டுக்குள் கொசுவர்த்தி, சாம்பிராணி வேண்டாம்.