49 வாக்குகளும் முன்கணிப்புச் சந்தையும்

தேர்தலில் வெல்லப்போவது யார் என்ற கணிப்பையே பங்குபோல வாங்கி விற்க இடமளிக்கும் ஏற்பாடு முன்கணிப்புச் சந்தை எனப்படுகிறது. ஒருவர் வென்றால் 1 டாலர் தரும் சீட்டு 60 சென்ட்டுக்கு விலைபோகுமானால், அவர் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்பிருப்பதாகச் சந்தை கருதுகிறது என்று பொருள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988இல் இத்தகைய சந்தையை ஆய்வுக்காகத் தொடங்கியது. இந்தியாவிலோ 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 30ஆவது பிரிவில், பந்தய உடன்பாடுகள் செல்லாதவை என்கிறது.

முன்கணிப்புச் சந்தையின் எல்லையைக் காட்டத் திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரத்தைவிடத் தெளிவான சான்று அரிது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கு அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை வெறும் 49 வாக்குகளில் முந்தினார். சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகள் வழக்காக, அவற்றோடு கடைசி 3 சுற்றுகளையும் மீண்டும் எண்ணுமாறு 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மக்களின் மனப்போக்கைச் சந்தை விலை ஓரளவு உணர்த்தலாம்; ஒரு கையொப்பம் செல்லுமா என்பதை அது முன்கூட்டி உரைக்க வழியில்லை.